றெக்கையைக் கழற்றிய பின்: பழைய டேபிள் ஃபேன் மோட்டாருக்கு மறுவயரிங்

கூண்டு நசுங்கி, றெக்கை உடைந்து, கழுத்து முறிந்து மூலையில் கிடக்கும் டேபிள் ஃபேனில் பெரும்பாலும் மோட்டார் மட்டும் உயிரோடு இருக்கும். அதைக் கழற்றி வேறு வேலைக்கு வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அப்படி வைக்கப்படும் மோட்டார்களில் பலவற்றின் கதை ஒன்றுதான். முதல் அரை மணி நேரம் ஜோராக ஓடும். பிறகு கை வைக்க முடியாத சூடு, வார்னிஷ் கருகும் வாசனை, அப்புறம் சத்தமே இருக்காது. வயரிங்கில் தப்பிருக்காது. றெக்கையை எடுத்ததோடு சேர்ந்து வேறு எதையெல்லாம் எடுத்துவிட்டோம் என்று பார்க்காததுதான் தப்பு.

ஃபேன் மோட்டார் இரண்டு விஷயங்களை நம்பிச் செய்யப்பட்டது. ஒன்று, அதன் சுமை. நிற்கும் றெக்கைக்குக் காற்றின் தடை கிடையாது. சுற்றச் சுற்ற, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடை ஏறும். கிளம்பும்போது பலம் தேவைப்படாது என்பதால் இந்த மோட்டாருக்கு அந்தப் பலத்தைக் கொடுத்தே செய்வதில்லை. இரண்டு, குளிர்ச்சி. றெக்கை பின்னாலிருந்து இழுக்கும் காற்று மோட்டாரின் உடம்பைத் தடவிக்கொண்டுதான் முன்னால் போகிறது. றெக்கை போனால் இரண்டும் போச்சு. இனி அது கிளம்பச் சோம்பல்படுகிற, சீக்கிரம் சூடேறுகிற ஒரு சின்ன மோட்டார்; வயரிங், புல்லி, குளிர்ச்சி மூன்றையும் அப்படி நினைத்தே திட்டமிட வேண்டும்.

எவ்வளவு சின்னது? லேபிளில் 50 வாட் என்றிருந்தால் அது லைனிலிருந்து மோட்டார் குடிக்கும் கணக்கு. ஷாஃப்ட்டில் கிடைப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு: 15, மிஞ்சிப்போனால் 20 வாட். நிமிடத்துக்கு 1300 சுற்றில் ஓடும்போது 1 செமீ ஆரமுள்ள புல்லியின் விளிம்பில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலான இழுவை கிடைக்கும், அவ்வளவுதான். ரம்பம், கிரைண்டர், டிரில் எல்லாம் இதில் நடக்காது. மெதுவாக, ஒரே சீராக, மணிக்கணக்கில் உருட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கு இது பொருத்தம். இங்கே எடுத்துக்கொள்வது கூழாங்கல்லையோ சிறு உலோகத் துண்டுகளையோ மெருகேற்றும் உருட்டு டிரம். அதை டம்ளர் என்று சொல்வதும் உண்டு. காபி குடிக்கும் டம்ளரோடு குழப்பம் வருவதால் டிரம் என்றே வைத்துக்கொள்வோம்.

கீழே வரும் எண்கள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் லைனுக்கானவை. சீலிங் ஃபேன் மோட்டாரை இந்த வேலைக்குத் தேட வேண்டாம். அதில் ஷாஃப்ட் அசையாது, வெளிக்கூடுதான் சுற்றும்; புல்லி மாட்ட இடமே இருக்காது. இரண்டே வயர் வெளியே வந்து, கபாசிட்டரே இல்லாமல், காயிலுக்குப் பக்கத்தில் இரும்புத் தகட்டில் தடித்த செம்பு வளையம் தெரிந்தால் அது ‘ஷேடட்-போல்’ (shaded pole) வகை மோட்டார். அதன் விசை இன்னும் குறைவு. சர்க்யூட் போர்டோடு வரும் பிஎல்டிசி (BLDC) மோட்டார் முற்றிலும் வேறு சாதி. நமக்கு வேண்டியது கபாசிட்டர் வைத்த சாதாரண நான்கு துருவ டேபிள் ஃபேன் மோட்டார்.

கழற்றும்போது

றெக்கையைப் பிடித்திருக்கும் மூடி பெரும்பாலும் இடது மரை. கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். சுற்றும் திசையே மூடியை இறுக்கிக்கொண்டிருக்கட்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இதில் பின்னால் வரப்போகும் ஒரு வம்பு இருக்கிறது: மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டினால் அதே மரை தானாகக் கழன்று பறக்கும். ஆகவே புல்லியை அந்த மரையில் நட்டு போட்டுப் பிடிக்கக் கூடாது. ஷாஃப்ட்டில் அரத்தால் ஒரு பக்கம் தட்டையாக்கி, புல்லியின் கழுத்தில் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) போட்டு அந்தத் தட்டையில் உட்கார வைக்க வேண்டும்.

பழைய ஸ்விட்ச்சிலிருந்து வயர்களை வெட்டும் முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்த வயர் ஸ்பீடு ஸ்விட்ச்சுக்கு, எது நேராக லைனுக்கு, எது கபாசிட்டருக்கு மட்டும் என்ற தகவல் பிறகு அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். வயரின் நிறத்தை நம்ப முடியாது; ஒருவர் கறுப்பைக் காமனாக (இரண்டு காயிலுக்கும் பொதுவான வயராக) வைத்திருப்பார், இன்னொருவர் அதே கறுப்பைக் கபாசிட்டருக்கு விட்டிருப்பார்.

தலையாட்டும் கியர்பாக்ஸ் பின்பக்கம் இருக்கும். அதைக் கழற்றினால் ஷாஃப்ட்டின் பின்முனையில் செதுக்கிய மரைபோலத் திருகல் பல் தெரியும், அப்படியே விடலாம். மூடிகள் இரண்டையும் பிடித்திருக்கும் நீளத் திருகுகளை எடுக்கும் முன், முன்மூடி, இரும்புத் தகடு, பின்மூடி மூன்றின் மேலும் ஒரே நேர்கோடாக மார்க்கர் கோடு போடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு சேர வேண்டும்.

டேபிள் ஃபேனில் பெரும்பாலும் இருப்பது பால் பியரிங் அல்ல, எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ். அதைச் சுற்றி ஒரு கம்பளி வளையம் எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கும். பழைய மோட்டாரில் அது காய்ந்து பிசினாகியிருக்கும். ஷாஃப்ட்டையும் புஷ்ஷையும் துடைத்து, கம்பளியில் தையல் மெஷின் எண்ணெய் அளவுக்கு மெல்லிய மெஷின் எண்ணெயை ஊறும் வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பசையாகும். துரு நீக்கும் ஸ்ப்ரே மிச்சமிருக்கும் எண்ணெயையும் கரைத்துக்கொண்டு ஆவியாகிவிடும்.

மூடியை மாட்டித் திருகுகளை இறுக்கியபின் ஷாஃப்ட் கல்போல இறுகிவிட்டால் பதற வேண்டாம். புஷ் உருண்டையாக, தன் கூட்டுக்குள் அசையும்படி உட்கார்ந்திருக்கிறது. அது சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மூடியை நாலு பக்கமும் தட்டிக்கொண்டே, திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கினால் ஒரு தட்டில் புஷ் நேராகி, ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு சுற்றும். விரலால் சுண்டினால் நிற்காமல் சில சுற்றுப் போக வேண்டும்.

வயர்களைக் கண்டுபிடித்தல்

உள்ளே இரண்டு காயில்: நேராக லைனில் ஓடும் ரன்னிங் காயில், கபாசிட்டர் வழியாக ஓடும் ஸ்டார்ட்டிங் காயில். மூன்று வயர் மட்டும் வந்தால் வேலை சுலபம். மல்டிமீட்டரை 2000 ஓமில் வைத்து மூன்று ஜோடிகளையும் அளந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு, சிவப்பு–கறுப்பு 310, கறுப்பு–நீலம் 390, சிவப்பு–நீலம் 700. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். வராவிட்டால் காயிலில் கோளாறு. அதிகபட்ச ஓம் காட்டும் ஜோடி சிவப்பும் நீலமும். கபாசிட்டர் அந்த இரண்டுக்கும் நடுவே. மிஞ்சிய கறுப்பு காமன். காமனிலிருந்து குறைந்த ஓம் காட்டும் சிவப்பு, பெரும்பாலான மோட்டார்களில் ரன்னிங் காயிலின் முனை. லைனை கறுப்புக்கும் சிவப்புக்கும் கொடுக்க வேண்டும்.

மூன்று ஸ்பீடு உள்ள மோட்டாரில் ஐந்து வயர் வரும். பயமுறுத்தினாலும் உள்ளே இருப்பது ஒரே நீளச் சங்கிலிதான்: ஒரு முனையில் ரன்னிங் காயில், மறுமுனையில் ஸ்டார்ட்டிங் காயில், நடுவே மூன்று இடங்களில் கிளை. எல்லா ஜோடியையும் அளந்து, எதில் ஓம் மிக அதிகமோ அதுவே சங்கிலியின் இரு முனை. கபாசிட்டர் அங்கேதான். மற்ற மூன்றும் ஸ்பீடு கிளைகள். ரன்னிங் முனையிலிருந்து அளந்தால் மிகக் குறைந்த ஓம் காட்டுவது அதிவேகக் கிளை. நமக்கு அது ஒன்று போதும். மற்ற இரண்டு கிளைகளின் நுனியைத் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். சேர்த்து முறுக்கினால் காயிலின் ஒரு பகுதி ஷார்ட்டாகி நிமிடங்களில் கருகும். எந்த முனை ரன்னிங் என்பதற்கு எடுத்து வைத்த படமே சாட்சி: நேராக லைனுக்குப் போனது ரன்னிங், கபாசிட்டருக்கு மட்டும் போனது ஸ்டார்ட்டிங்.

ஒரு வயர் மட்டும் எதனோடும் எதுவும் காட்டவில்லை, மற்றவை சரியாகக் காட்டுகின்றன என்றால் காயில் எரிந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். காயிலின் மேல் நூலால் கட்டிய டேப்புக்கு அடியில் தெர்மல் ஃபியூஸ் ஒளிந்திருக்கும். அரிசியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளி நிற உருளை. மேலே 130, 135 போல வெப்பநிலை அச்சிட்டிருக்கும். வழக்கமாக நடப்பது இதுதான்: புஷ் காய்ந்தது, ஷாஃப்ட் இறுகியது, ஓடாமல் நின்ற மோட்டார் சூடேறியது, ஃபியூஸ் தன் வேலையைச் செய்தது. காயில் நன்றாகவே இருக்கும்.

இதை வயர் வைத்து நேராக இணைத்துவிடுகிறவர்கள் நிறைய. செய்யவே கூடாது. பெரிய மோட்டார் சுற்றாமல் நின்றால் கரன்ட் ஐந்தாறு மடங்கு பாய்ந்து லைன் ஃபியூஸ் போகும். இந்தச் சின்ன மோட்டாரின் காயிலுக்கு ஓம் அதிகம். நின்றுபோனாலும் கரன்ட் கொஞ்சம்தான் கூடும், லைன் ஃபியூஸுக்கு எதுவும் தெரியாது. தீப்பிடிக்காமல் காப்பது அந்த அரிசி மட்டும்தான். அதே வெப்பநிலை, அதே ஆம்பியர் உள்ள புதியதை, காயிலைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி அதே இடத்தில் வைத்து நூலால் கட்டுங்கள். சோல்டர் செய்தால் இரும்பின் சூட்டிலேயே ஃபியூஸ் போய்விடும். சின்னக் குழாய்க் கிரிம்ப் போட்டு நசுக்குவதே சரி.

புது வயர் இழுத்தல்

காயில் கம்பி தலைமுடிபோல மெல்லியது. அதை வெளியே இழுக்காமல், காயிலின் மேலேயே இணைப்பைப் போட வேண்டும். எனாமலை உப்புத்தாளால் எல்லாப் பக்கமும் லேசாகச் சுரண்டி, செம்பு பளபளக்கும் வரை எடுங்கள். ஒரு பக்கம் எனாமல் மிஞ்சினாலும் சோல்டர் பந்துபோல உருண்டு நிற்குமே தவிர ஒட்டாது. இன்றைக்கு ஓடி அடுத்த மாதம் நிற்கும் இணைப்பு அதுதான். சூடு தாங்கும் சிலிகான் வயர், 0.5 சதுர மிமீ போதும். காயில் கம்பியை அதன் மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, சோல்டர் வைத்து, கண்ணாடி நார் ஸ்லீவுக்குள் தள்ளி, காயிலோடு சேர்த்துப் பருத்தி நூலால் கட்டுங்கள். இழுத்தால் நூல் தாங்க வேண்டும், இணைப்பு அல்ல. பிவிசி டேப்பை மோட்டாருக்குள் கொண்டுபோக வேண்டாம். சூட்டில் அதன் பசை உருகி டேப் நழுவிவிடும்.

கபாசிட்டர் பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். இது திடீரென்று சாவதைவிட மெல்ல இளைப்பதே அதிகம். 2 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது அளந்தால் 1.2 காட்டும். கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும் ஃபேனுக்கு இது ஒரு முக்கியக் காரணம். லேபிளில் உள்ள அதே மதிப்பை, ஃபேன் மோட்டாருக்கென்றே வரும் ஃபிலிம் கபாசிட்டரில், 440 வோல்ட் ஏசி தாங்குவதாகப் போடுங்கள். லைன் 230தானே, எதற்கு 440 என்றால், காயிலும் கபாசிட்டரும் தொடராக நிற்கும்போது கபாசிட்டரின் குறுக்கே லைனைவிட அதிக வோல்ட் எழும். கிளம்ப இன்னும் பலம் வேண்டும் என்று மதிப்பைக் கூட்டுவது ஒரு பழைய ஆசை. கிளம்புவது கொஞ்சம் மேம்படும். ஆனால் ஸ்டார்ட்டிங் காயில் ஓடும் நேரமெல்லாம் அளவுக்கு மீறிய கரன்ட்டைச் சுமந்து, மோட்டார் உறுமிக்கொண்டே சூடேறும். கழற்றிய கபாசிட்டரைத் தொடும் முன் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இரு முனையிலும் ஒரு நொடி வைத்து எடுங்கள்.

திசை மாற்ற வேண்டுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். மூன்று வயர் மோட்டாரில், கறுப்பை அப்படியே விட்டு, லைனைச் சிவப்புக்குப் பதில் நீலத்துக்குக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். இரண்டு காயிலும் ஒரே ஓம் என்றால் தடையில்லை. 310, 390 என்று வித்தியாசப்பட்டால் விசை குறையும், சூடு கூடும். டிரம்முக்குத் திசை முக்கியமே இல்லை. முக்கியமான வேலையாக இருந்தாலும் மோட்டாரையே திருப்பி வைப்பது அல்லது உருண்டைப் பெல்ட்டை எட்டுப் போல் குறுக்காக மாட்டுவது, வயரிங்கைக் கிளறுவதைவிட நல்லது.

எர்த்

டேபிள் ஃபேன் பலவற்றில் இரண்டு முனைப் பிளக்தான் இருக்கும். பிளாஸ்டிக் உடம்பு மோட்டாரை முழுக்க மூடியிருப்பதால் அங்கே எர்த் இல்லாமல் தப்பிக்கிறார்கள். நாம் அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, இரும்பு மோட்டாரை வெட்டவெளியில், அதுவும் தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குப் பக்கத்தில் வைக்கிறோம். பழைய இரண்டு வயர் கார்டு இனி செல்லாது. மூன்று வயர் கார்டு எடுத்து, பச்சை வயரில் வளைய லக் கிரிம்ப் செய்து, மோட்டார் மூடியின் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷரோடு இறுக்குங்கள். ரப்பர் வாஷர் வைத்து மோட்டாரைப் பலகையில் ஏற்றியிருந்தால் உருளைகளின் இரும்புச் சட்டத்துக்குத் தனி எர்த் வயர் வேண்டும். பிளக்கின் எர்த் முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் அரை ஓமுக்குள் காட்ட வேண்டும். ஃபேஸ் வயரில் 1 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ், அதையடுத்து ஸ்விட்ச். இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் மீட்டர் கிடைத்தால் 500 வோல்ட்டில் காயிலுக்கும் உடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் ஈரம் அல்லது இன்சுலேஷன் கோளாறு. 60, 70 டிகிரி சூட்டில் சில மணி நேரம் காயவைத்தும் ஏறாவிட்டால் அந்த மோட்டார் வேண்டாம். நல்ல மோட்டார் இதைவிடப் பல மடங்கு காட்டும்.

முதல் தடவை நேராக லைனில் செருகாமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைத்துக் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு மங்கலாக எரிந்து மோட்டார் மெல்லக் கிளம்பினால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட். பல்பு மங்கலாக, மோட்டார் உறுமியபடி நின்றால் கபாசிட்டர் இணைப்பைப் பாருங்கள்.

டிரம்முக்குப் புல்லிக் கணக்கு

வேகத்தைக் குறைக்க ரெகுலேட்டரை நினைக்க வேண்டாம். வோல்ட் 70 சதவீதமானால் விசை பாதியாகிவிடும். றெக்கைக்கு அது பொருந்தும், ஏனென்றால் வேகம் குறைந்தால் அதன் சுமையும் குறையும். டிரம்முக்குள் இருக்கும் கல்லின் எடை வேகத்தைப் பார்த்துக் குறையாது. மோட்டார் திணறி நின்றுவிடும். குறைக்க வேண்டியது புல்லியில்.

டிரம்மின் விட்டம் 15 செமீ என்று வைத்துக்கொள்வோம். வேகம் மிக அதிகமானால் கற்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், உருளாது. அந்த எல்லை வேகம்: 42.3ஐ, மீட்டரில் அளந்த விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 0.15இன் வர்க்கமூலம் 0.387, ஆக நிமிடத்துக்கு 109 சுற்று. அதில் பாதி, 55, நமக்குச் சரி. டிரம் 2 செமீ விட்டமுள்ள இரண்டு உருளைகளின் மேல் கிடக்கிறது என்றால் உருளை 55 × 7.5, அதாவது 412 சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தச் சுமையில் மோட்டார் 1400 சுற்றளவில் ஓடும். 1400ஐ 412ஆல் வகுத்தால் 3.4. மோட்டாரில் 2 செமீ புல்லி, உருளையில் 6.8 செமீ புல்லி. 60 ஹெர்ட்ஸ் லைனில் மோட்டார் 1700ஐ நெருங்கும். உருளைப் புல்லி 8.2 செமீ ஆகட்டும். 2 கிலோ சரக்கை உருட்ட டிரம்மில் செலவாவது 2, 3 வாட்தான். உராய்வைச் சேர்த்தாலும் 15 வாட் மோட்டாருக்குள் தாராளமாக அடங்கும். முதன்முறை டிரம் கிளம்பாவிட்டால் சரக்கைக் குறையுங்கள், வயரிங்கை அல்ல.

உருளைகளுக்கு 8 மிமீ கம்பியும் 608 பால் பியரிங்கும் போதும். கம்பியின் மேல் தடித்த ரப்பர் குழாயை ஏற்றினால் 2 செமீ வந்துவிடும். டிரம்மின் எடை முழுவதும் அந்தப் பியரிங்கில் இறங்க வேண்டும், மோட்டார் ஷாஃப்ட்டில் அல்ல. பெல்ட்டாக ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாட்டி, வழுக்காத அளவுக்கு மட்டும் இழுத்து வையுங்கள். புல்லி மோட்டார் மூடியை ஒட்டி நிற்கட்டும். பெல்ட்டை வீணை நரம்புபோல இழுத்துக் கட்டினால் வெண்கலப் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சுற்றும் ரோட்டர், காயில் சுற்றிய நிலையான ஸ்டேட்டரில் உரசத் தொடங்கும். டிரம் கசியும், என்றாவது கட்டாயம் கசியும். மோட்டாரை அதற்குக் கீழே வைக்காமல் பக்கவாட்டில், நடுவே ஒரு தடுப்புத் தகட்டோடு வையுங்கள்.

சூட்டை ஓமில் அளப்பது

காயில் உள்ளே எவ்வளவு சூடாகிறது என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. மல்டிமீட்டர் சொல்லும். செம்புக் கம்பி சூடேறினால் அதன் ஓம் ஏறும். குளிர்ந்த நிலையில், ஸ்விட்ச்சை ஆனில் வைத்து, லைனிலிருந்து உருவிய பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் முனைகளில் அளந்தால் ரன்னிங் காயிலின் ஓம் மட்டும் தெரியும். மீட்டர் அனுப்பும் டிசியைக் கபாசிட்டர் அடைத்துவிடுவதால் ஸ்டார்ட்டிங் காயில் கணக்கில் வராது. அறை 30 டிகிரி, ஓம் 310 என்று குறித்துக்கொள்ளுங்கள். டிரம்மை ஒரு மணி நேரம் ஓட்டி, பிளக்கை உருவி, டிரம் நின்ற அரை நிமிடத்துக்குள் திரும்ப அளந்து பாருங்கள். 380 என்று வந்தால்: 380ஐ 310ஆல் வகுத்து, 264.5ஆல் பெருக்கி, 234.5ஐக் கழித்தால் 90 டிகிரி. 410 வந்தால் 115. அந்த 264.5 என்பது செம்புக்குரிய மாறா எண்ணான 234.5உடன் அறையின் 30ஐக் கூட்டியது. அறை வேறு சூட்டில் இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய மோட்டாரின் இன்சுலேஷன் எந்த வகுப்பு என்று லேபிளில் இல்லாவிட்டால் மிகத் தாழ்ந்த ஏ வகுப்பு, 105 டிகிரி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அளவை காட்டுவது சராசரி. காயிலின் நடுப்பகுதி இதைவிடப் பத்து டிகிரியாவது கூடுதலாக இருக்கும். ஆகவே கணக்கில் 90ஐத் தாண்ட விடாதீர்கள். றெக்கை இல்லாத மோட்டார் தாண்ட வாய்ப்பு அதிகம். 80 மிமீ கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டி, மோட்டாரின் பின்மூடித் துளைகளை நோக்கி ஊதவிடுங்கள். டிரம்மும் அந்தக் குட்டி ஃபேனும் ஒரே ஸ்விட்ச்சில் இருக்கட்டும். பிறகு ஒரு மணி நேரம் ஓட்டி மறுபடியும் அளந்து, இன்னொரு மணி நேரம் ஓட்டி இன்னொரு முறை. இரண்டாவது அளவும் மூன்றாவதும் ஒன்றாக வந்தால் சூடு நிலைத்துவிட்டது. ஏறிக்கொண்டே போனால் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஆறவிட்டு முதலிலிருந்து அளக்க வேண்டியதுதான்.